ஆட்டோமேட்டிக் வண்டிக்கு கியர்பாக்ஸ் இறக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்: எனக்கு 92,000 ரூபாய் போய்விட்டது

கை நடுங்குகிற கோபத்தில்தான் எழுதுகிறேன். கோவையில் எல்லா கம்பெனி வண்டிகளும் பார்க்கிற ஒரு தனியார் ஒர்க்‌ஷாப். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சிவப்பாக ஆயில் கசிந்தது, அவ்வளவுதான். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சீல் போயிருக்கிறது, கியர்பாக்ஸை இறக்கி மாற்ற வேண்டும் என்றார் ஓனர். சாவியை வாங்கும்போது என் அப்பாவிடம், "ஐயா, நீங்க கவலையே படாதீங்க. ஆட்டோமேட்டிக் எங்களுக்குத் தண்ணி பட்ட பாடுங்க. நானே கூட நின்னு ஏத்தறேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். கழற்றிய பழைய சீலைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். இப்படிப் பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? 28,000 ரூபாய் கட்டி வண்டியை எடுத்தோம்.

எடுத்த அன்றே கொய்ங் என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடியது. போன் செய்தேன். "புது ஆயில்ங்க, செட் ஆகணும்." மறுபடி கேட்டால், "ஸ்கேன்ல எரர் ஒண்ணும் வரலீங்களே." அந்த வாரமே ஹோப் காலேஜ் சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. டிரைவ் போட்டாலும் ரிவர்ஸ் போட்டாலும் இன்ஜின் மட்டும் கத்துகிறது. பின்னால் பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை, அம்மா உள்ளே பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

அதற்கப்புறம் ஓனர் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால் மேனேஜர் சொல்கிறார்: "வண்டி பழசுங்க, கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் முன்னாடியே வீக்கா இருந்திருக்கும்." சீல் மாற்றக் கொடுத்த வண்டிக்கு, மாற்றிய வாரமே பம்ப் தானாக வீக் ஆகுமாம்!

லாரியில் ஏற்றி வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிரித்து என் கண்ணெதிரே காட்டினார். கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டும்போது இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், ஆயில் பம்ப் என்று மூன்று இடத்தில் அது கவ்வி உட்கார வேண்டும். கையால் சுற்றிக்கொண்டே தள்ளினால் டொக், டொக் என்று ஒவ்வொரு படியாக உள்ளே இறங்கும். பம்பில் இறங்காமலே கியர்பாக்ஸை ஏற்றினால் இன்ஜினோடு சேராமல் இடைவெளி நிற்கும். இவர்கள் அதைப் போல்ட்டை முறுக்கி இழுத்து மூடியிருக்கிறார்கள். பம்ப் கியரின் உள்பல் இரண்டும் முறிந்திருந்தன, ஆயில் அழுத்தம் இல்லாமல் வண்டி நகராமல் நின்றது அதனால்தான். கன்வெர்ட்டர் கழுத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு வெட்டு. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டில் (பேன்) இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் களிம்பாக அப்பியிருந்தது. அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பையனே போனில் சொல்லிவிட்டான்: "கேப் இருந்துச்சு சார், போல்ட்டு டைட் பண்ணினா சேந்துரும்னாங்க."

பம்ப், கன்வெர்ட்டர், ஆயில், கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து இன்னொரு 64,000. மொத்தம் 92,000 ரூபாய். நிதானமாக இரண்டு நிமிடம் சுற்றித் தள்ளியிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம்.

விவரமாக யோசனை எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் ஏற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், விடமாட்டார்கள் என்றால் வீடியோ கேளுங்கள். போல்ட் முறுக்கும் முன்பே கியர்பாக்ஸ் இன்ஜினோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். அப்போது கன்வெர்ட்டர் கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும், ஃபிளெக்ஸ் பிளேட்டை (இன்ஜின் பக்கம் கன்வெர்ட்டரை மாட்டும் தட்டு) முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. புதுச் சத்தம் வந்தால் ஓட்டாதீர்கள், "செட் ஆகும்" என்பதை நம்பாதீர்கள். வேலைக்கு வாரன்டி உண்டு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. உடைந்த பாகத்தை மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.