ஏற்காட்டில் ஒற்றை ஆள் சமையல்: கரண்ட் குக்கரா, இரண்டு லிட்டர் பிரஷர் குக்கரா?

தனியாகத் தங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கரண்ட் குக்கர்தான். அரிசியும் தண்ணீரும் போட்டு சுவிட்சைத் தட்டினால் வெந்ததும் தானாக நின்றுவிடும். பக்கத்தில் நிற்க வேண்டாம், காஸும் வேண்டாம். சேலத்தில் அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ அறை எடுத்து, குழம்பை மெஸ்ஸில் வாங்கிக்கொள்பவருக்கு அது தாராளமாகப் போதும்.

ஏற்காட்டுக்குக் குடிவந்த பிறகு நான் இரண்டு லிட்டர் பிரஷர் குக்கருக்கு மாறிவிட்டேன். காரணம் பருப்பு.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சேலத்தில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிற தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதற்கப்புறம் தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிர சூடு ஏறாது. சாதாரண கரண்ட் குக்கரின் மூடி ஆவியை அடைத்து வைப்பதில்லை, அதனால் உள்ளேயும் அதே 95தான். சாதத்துக்கு இது பெரிய குறையில்லை. அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினால் சரியாக வரும். துவரம்பருப்புதான் படுத்தும். தண்ணீர் வற்றிக் குக்கர் நின்ற பிறகும் பருப்பு நடுவில் கடிபடும். கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு என்றால் கேட்கவே வேண்டாம்.

பிரஷர் குக்கரில் வெயிட் போட்டுவிட்டால் இந்த மலையிலும் உள்சூடு 115 டிகிரியைத் தாண்டும். இரவு ஊறப்போட்ட மொச்சை காலையில் சில விசிலில் பஞ்சு மாதிரி வெந்துவிடும். ஒற்றை ஆள் சாப்பாட்டில் நிறைவு வருவது பருப்பிலும் பயறிலும்தான் என்பது என் உறுதியான எண்ணம். வெறும் சாதமும் ஊறுகாயும் வயிற்றை நிரப்பும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.

நான் அடிக்கடி வைப்பது அரிசிம்பருப்பு சாதம். முக்கால் டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர். குக்கரிலேயே கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி தாளித்து, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்டு மூடிவிடலாம். மேலே ஒரு கரண்டி நெய். குளிர்கிற இரவில் வேறெதுவும் தோன்றாது, கழுவவும் ஒரே பாத்திரம்தான். சின்ன டம்ளரால் அளந்துகொள்ளுங்கள். பருப்பு நுரைத்துப் பொங்கும், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மூன்று லிட்டர் குக்கரில் ஒருவருக்கு மட்டும் வைத்தால் அடியில் மெல்லிசாகப் பரவிப் பிடித்துக்கொள்ளும்.

பராமரிப்பு என்று பார்த்தால் கேஸ்கட் தளர்ந்தால் மாற்ற வேண்டும், வெயிட் உட்காரும் துளையை அடைப்பில்லாமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் குக்கரை மின்சாரம் போனால் ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

கரண்டிலேயே ஓடும் பிரஷர் குக்கரும் கடையில் கிடைக்கிறது. நண்பர் வீட்டில் ஓரிரு முறை அதில் சமைத்திருக்கிறேன், பருப்பு நன்றாகவே வெந்தது. ஆனால் வருடக்கணக்கில் எப்படி உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அதில் பழக்கமில்லை.

வீட்டுக்காரர் காஸ் வைக்க விடமாட்டார் என்றால் இண்டக்ஷன் அடுப்பில் பிரஷர் குக்கரை வைக்கலாம். சாதாரண அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. வாங்கும்போது அடிப்பாகம் தட்டையாக இருக்கிறதா, காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.