15.92 கிலோவிலிருந்து 12.77 கிலோ: மலை சைக்கிளின் எடையை வீட்டிலேயே குறைத்த அனுபவம்

2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படிக்குக் கீழே உள்ள இரும்புக் கொக்கியில் பயணப்பெட்டி எடை பார்க்கும் தராசை மாட்டி, என் சைக்கிளைத் தொங்கவிட்டேன். 15.92 கிலோ. முந்தைய வாரம்தான் சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறியிருந்தேன். ஒரு மணி 52 நிமிடம் ஆனது. கடைசி ஐந்து வளைவுகளில் தொடை எரிந்தபோது, எதையெல்லாம் மேலே சுமந்துகொண்டு போகிறேன் என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதைதான் இது.

சைக்கிள் 2020இல் 31,000 ரூபாய்க்கு வாங்கியது. அலுமினியச் சட்டம், 29 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பின்னால் எட்டு என்று கியர்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் 100 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் ஃபோர்க், டிஸ்க் பிரேக். சட்டத்தையும் சக்கரங்களையும் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடைக்கும் தராசு காட்டும் எடைக்கும் பல நேரம் 20, 30 கிராம் வித்தியாசம் இருந்தது. ஆகவே இங்கே சொல்லும் எடைகள் எல்லாம் என் தராசு காட்டியவை.

முதல் 822 கிராமுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. பக்கவாட்டு ஸ்டாண்டு 362 கிராம், பிளாஸ்டிக் மட்கார்டுகள் 284, ஸ்போக்கிலும் பெடலிலும் இருந்த ஒளிபிரதிபலிப்பான்கள் 118, பின் பல்சக்கரத்துக்கும் ஸ்போக்குக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வட்டு 58. ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். ஒளிபிரதிபலிப்பான்களை எடுத்தவர்கள் இரவில் பின்விளக்கு இல்லாமல் தெருவில் இறங்கக்கூடாது. நான் 30 கிராம் எடையுள்ள ஒரு விளக்கை சீட்டின் கீழ் நிரந்தரமாகக் கட்டியிருக்கிறேன். பிளாஸ்டிக் வட்டை எடுப்பதற்கு முன் பின் கியர் மாற்றியின் எல்லைத் திருகைச் சரிபார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்குக்குள் விழும்.

அடுத்து டயர். கம்பி விளிம்புள்ள பழைய டயர் ஒவ்வொன்றும் 890 கிராம். மடிக்கக்கூடிய 660 கிராம் டயர்களை வாங்கினேன். 212 கிராம் ரப்பர் ட்யூப்களுக்குப் பதில் டிபியு என்ற மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன 82 கிராம் ட்யூப்கள். இரண்டு சக்கரங்களிலும் சேர்த்து 720 கிராம் குறைந்தது. சிக்னலில் நின்று புறப்படும்போதே வித்தியாசம் காலில் தெரிந்தது. சக்கரத்தின் ஓரத்தில் குறையும் ஒரு கிராம் மற்ற இடத்தில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம் என்று சொல்வார்கள். வேகமெடுக்கும் நேரத்துக்கு மட்டுமே அது பொருந்தும், ஏனென்றால் அந்த எடையை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஒரே சீராக மலை ஏறும்போது டயரில் உள்ள கிராமும் சீட்டில் உள்ள கிராமும் ஒன்றுதான்.

ஆனால் எங்கள் ஊர் மண்ணை நான் கணக்கில் எடுக்கவில்லை. பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் போனால் சீமைக் கருவேல முள், வீட்டருகே காலி மனைகளில் நெருஞ்சி. மெல்லிய டயர் போட்ட முதல் ஆறு வாரங்களில் ஏழு பஞ்சர். டிபியு ட்யூபில் வழக்கமான ரப்பர் சொல்யூஷன் ஒட்டாது, அதற்கென்று தனி ஒட்டு வேண்டும். மூன்றாவது பஞ்சரை வழியில் ஒரு கடையில் ஒட்டக் கொடுத்தேன். ஐம்பது வருடமாகச் சைக்கிள் பார்க்கும் பெரியவர் அந்த ட்யூபைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதில் பசை நிற்காது. முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அதை முதலில் எடுங்கள்" என்றார். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் பஞ்சு இழை சிக்கி நின்றது. விரலால் தடவியபோது எனக்குத் தட்டுப்படாத நெருஞ்சி முனை அங்கே இருந்தது. குறடால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார், அரிசி நொய் அளவுதான். அன்றிலிருந்து என் கருவிப் பையில் பஞ்சு இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

2023 ஏப்ரலில் ட்யூபையே விட்டுவிட்டேன். என் ரிம்மில் ட்யூப்லெஸ் டயருக்கு உரிய விளிம்பு இருந்தது. அது இல்லாத ரிம்மில் இதை முயல வேண்டாம், வளைவில் டயர் விளிம்பை விட்டு விலகிவிடும். பக்கச்சுவர் தடித்த 770 கிராம் டயர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் 110 கிராம், டேப், வால்வு. மெல்லிய ஜோடியை விட இது 326 கிராம் அதிகம், ஆனால் பழைய கம்பி டயரும் ட்யூபும் இருந்ததை விட 394 கிராம் குறைவு. போட்ட மூன்றாம் நாளே முன் டயரில் கருவேல முள் ஏறியது. பிடுங்கியதும் எருக்கம்பால் போல வெள்ளையாகப் பீய்ச்சியது. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தேன். பத்து நொடி நுரைத்தது, நின்றது. அந்த முள்ளின் தழும்பு டயரில் இன்னும் இருக்கிறது. கோடையில் மட்டும் ஒரு தொல்லை: சேலம் வெயிலில் சீலண்ட் இரண்டு மாதத்தில் தோலாக உலர்ந்துவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வால்வு வழியாக 40 மி.லி. ஊற்றிக்கொள்கிறேன்.

பெரிய வேலை பல்சக்கரங்கள்தான். முன்னால் இருந்த மூன்று சக்கரங்களை எடுத்து ஒன்றாக்கினேன். பெடல் மாட்டும் கையான கிராங்கைக் கழற்றும் கருவியை வாழ்நாளில் முதல்முறையாகப் பிடித்தேன். அதை மரையில் முழுமையாக உள்ளே திருகிய பிறகுதான் கருவியின் நடுத்தண்டை இறுக்க வேண்டும். அரைகுறையாக மாட்டி இறுக்கினால் அலுமினிய மரை வழித்துக்கொண்டு வந்துவிடும், பிறகு கிராங்கை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் நாள் இரவு கிராங்க் மாட்டியிருக்கும் தண்டின் முனையில் எண்ணெய் விட்டு வைத்தேன். மறுநாள் ஸ்பேனரை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம். கிராங்க் உடைந்துவிட்டதென்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். அது தண்டை விட்டு விலகிய சத்தம்.

முன் கியர் மாற்றி, இடது கை விசை, அதன் கேபிள் ஆகியவை 354 கிராம். புதிய கிராங்கும் பேரிங்கும் பழையவற்றை விட 455 கிராம் குறைவு. ஆனால் பின்னால் போட்ட 9 வேக கேசட்டில் (பல்சக்கரத் தொகுதியில்) 42 பல் வரை இருப்பதால் அது பழையதை விட 224 கிராம் அதிகம். நிகரமாக 585 கிராம்தான். இதற்கு 13,500 ரூபாய், அதாவது கிராமுக்கு 23 ரூபாய்! எடைக்காக மட்டும் இதைச் செய்யச் சொல்லமாட்டேன். பழைய செயினும் பல்லும் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய நேரத்தில் செய்தால் சரி. ஏறும் கியர் கிட்டத்தட்ட அதேதான்: முன்பு முன்னால் 22 பல்லுக்குப் பின்னால் 32, இப்போது 30க்கு 42. இழந்தது மேல் வேகம். 30க்கு 11இல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 33 கி.மீ. வேகத்துக்கு மேல் கால் வெறுமனே சுற்றும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தேசிய நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் யோசிக்க வேண்டும்.

ஹேண்டில்பாரில் 252 கிராம், சீட் தண்டில் 144, நுரை கைப்பிடியில் 102, பெடலில் 66 என்று குறைத்த சில்லறைக் கணக்குகள் விரைவாக முடிந்தன. கைப்பிடிதான் விலைக்கு நல்ல பலன் தந்தது, 250 ரூபாய்க்கு 102 கிராம். எட்டு மாதத்தில் வியர்வையில் பிய்ந்துபோகும், மாற்றிக்கொள்ளலாம். சீட்டில் தவறு செய்தேன். 262 கிராம் சீட் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவிடவில்லை, இப்போது இருப்பது 312 கிராம். பெயர் தெரியாத கார்பன் ஹேண்டில்பார் ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கவில்லை. மலை சைக்கிள் பாகங்கள் செய்துவந்த அமெரிக்கர் கீத் போன்ட்ரேகர், உறுதி, எடைக்குறைவு, மலிவு மூன்றில் இரண்டைத்தான் பெறமுடியும் என்று சொன்னதாக ஓட்டுபவர்கள் நினைவுகூர்வார்கள். நான் பிடித்துத் தொங்கும் கம்பியில் உறுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே காரணத்துக்காக பிரேக் டிஸ்க்கின் எஃகுத் திருகுகளை அலுமினியத்துக்கு மாற்றவில்லை, எந்தப் பாகத்திலும் துளை போடவில்லை. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் திருகுகளை, அதில் அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்கினேன்.

ஃபோர்க்கில்தான் ஆசை என்னை இழுத்துக்கொண்டு போனது. பழைய ஸ்பிரிங் ஃபோர்க் 2.72 கிலோ. அமுங்காத அலுமினிய ஃபோர்க் 1.04 கிலோ, விலை 4,500 ரூபாய். ஒரே பாகத்தில் 1.68 கிலோ! வாங்குவதற்கு முன் சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் மேல் தோள் வரை நாடாவால் அளந்தேன்: 508 மி.மீ. நான் உட்கார்ந்தால் 20 மி.மீ.க்கு மேல் அமுங்குகிறது. எனவே 485 மி.மீ. உள்ளதைத் தேடி வாங்கினேன். இதை அளக்காமல் 26 அங்குலச் சக்கரத்துக்கான குட்டை ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். ஏறத்தாழ 20 மி.மீ.க்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் ஹேண்டில் செங்குத்தாகி, இறக்கத்தில் சைக்கிள் பதற்றமாக ஓடும், பெடல் கல்லில் இடிக்கும்.

2022 அக்டோபரில் தராசு 11.37 காட்டியது. ஒரு கையால் தூக்கி மாடி ஏறினேன். ஏற்காடு ஒரு மணி 43 நிமிடம். நான், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 89 கிலோவில் நாலரை கிலோ குறைந்தால், அதே பலத்தில் ஏறினால் ஐந்தரை நிமிடம்தான் மிஞ்ச வேண்டும். மீதி எட்டு மாதம் தொடர்ந்து ஓட்டிய கால்களின் பங்கு என்றே நினைக்கிறேன்.

ஏறியவன் இறங்கவும் வேண்டுமே. குப்பனூர் வழியாக இறங்கும்போது பெயர்ந்த தார் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் அடித்தது. பாதி வழியில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே தெரியவில்லை. 11 மாதம் பொறுத்தேன். நோட்டைப் புரட்டியபோது, அந்த 11 மாதத்தில் காட்டுப்பாதைக்கு நான்கு முறைதான் போயிருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டில் 19 முறை. 2023 செப்டம்பரில் ஒருவர் பயன்படுத்திய காற்று ஃபோர்க்கை 11,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன், 2.06 கிலோ. என் எடைக்கேற்பக் காற்றழுத்தத்தை வைக்க முடிகிறது. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றுகிறேன், ஒரு மாலை நேர வேலை. இடையில் மாற்றிய தடித்த டயர், சீட் ஆகியவற்றையும் சேர்த்துத் தராசு 12.77க்கு ஏறியது. விரல் மரத்துப்போவது நின்றது.

கருவிகளையும் சேர்த்து மொத்தம் 52,000 ரூபாய் ஆகிவிட்டது. அதில் 12,000 ரூபாய் மெல்லிய டயர், டிபியு ட்யூப், முதல் சீட், அமுங்காத ஃபோர்க் ஆகியவற்றில் போனது. மறுபடி தொடங்கினால் தேவையற்றதைக் கழற்றுவது, தடித்த ட்யூப்லெஸ் டயர், ஹேண்டில்பார், சீட் தண்டு, கைப்பிடி, இவ்வளவோடு நிறுத்துவேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் 1.7 கிலோ குறையும்.

அலுமினிய ஃபோர்க் பரணில் இருக்கிறது. தார்ச் சாலையில் மட்டும் ஓட்டும் பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவர் ஒருவர் அதைக் கேட்டார். தருவதாகச் சொல்லி நாடாவைக் கொடுத்திருக்கிறேன். அச்சிலிருந்து தோள் வரை அளந்துகொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை வருவார்.