எல்எஸ்7 என்ஜினுக்கு ஹெட் வேலை என்று 4,850 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு கைடைக்கூட மாற்றவில்லை: டெட்ராய்ட் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம்தான் உறுதியானது. கோபம் இன்னும் இறங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்டுக்கு வடக்கே, வேகக் கார் வேலை மட்டுமே செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஷாப் எனக்கு 4,850 டாலருக்குப் பட்டை நாமம் போட்டிருக்கிறது. புகார் கொடுக்கப்போகிறேன், ஆகவே பெயர் சொல்லவில்லை, கேட்காதீர்கள். இந்த மாதிரி இடங்களில் மாட்டாமல் தப்பிக்க என்ன செய்யவேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கார் 2008 கார்வெட் இசட்06. படிக்க வந்த காலத்தில் ஒரு ஓட்டை மஸ்டாங், வேலை கிடைத்ததும் பான்டியாக் ஜி8 (ஆஸ்திரேலியாவில் செய்து பான்டியாக் முத்திரை குத்தி விற்ற கார், இன்னும் அதை நினைத்து ஏங்குகிறேன்), அப்புறம் இது. இந்த ஊரில் இருந்துகொண்டு வி8 பைத்தியம் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். 1995லிருந்து ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற கார் ஊர்வலத்துக்கு ஒரு தடவை போய் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும். என் காரில் இருப்பது எல்எஸ்7, 7.0 லிட்டர், 505 குதிரைத்திறன், டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர் இல்லை, 7,000 ஆர்பிஎம் வரை கத்திக்கொண்டு ஏறும். கனெக்டிங் ராடு டைட்டானியம், இன்டேக் வால்வும் டைட்டானியம். அந்த என்ஜினை அப்போது என் வீட்டுக்குப் பக்கத்திலேயே, விக்ஸமில், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே ஆள் கையால் பூட்டினார்கள். வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்எஸ்7 வைத்திருப்பவர்களுக்கு வால்வு கைடு கதை தெரியும். தெரியாதவர்களுக்கு: வால்வின் தண்டு மேலும் கீழும் போய்வரும் குழாய்தான் கைடு. அது தேய்ந்தால் வால்வு ஆட ஆரம்பிக்கும். எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டு உள்ளே பொள்ளல், சோடியம் அடைத்தது, ரொம்ப நாள் பக்கவாட்டில் ஆடினால் தலை ஒரு நாள் முறிந்து பிஸ்டன் மேல் விழும். அதோடு என்ஜின் காலி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே ஹெட் (சிலிண்டருக்கு மேல் மூடியாக, வால்வுகளைத் தாங்கி நிற்கும் பாகம்) இரண்டையும் இறக்கி, பதினாறு கைடையும் வெண்கலத்துக்கு மாற்றி, வால்வு வந்து உட்காரும் சீட்டையும் புதிதாக வெட்டிவிடுவார்கள். அதற்காகத்தான் போனேன்.

அந்த ஷாப் ஆள் என்னை விழவைத்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஏப்ரலில், பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டிய உப்பெல்லாம் மழையில் கழுவிப் போனபிறகு, சோதித்துப் பார்க்க மட்டும் காரைக் கொண்டுபோனேன். அவரே ஹெட் மேலே இருக்கும் ராக்கர் கவரைக் கழற்றி, ஐந்தாம் சிலிண்டர் ஸ்ப்ரிங்கை எடுத்து, ஆட்டத்தை முள்ளால் அளந்து காட்டும் டயல் கேஜை வால்வுத் தண்டில் சாய்த்து, "நீயே ஆட்டிப் பாரு" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். விரலுக்கே தெரிந்தது. முள் ஆறரையில் நின்றது, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறரை பங்கு. மஞ்சள் டேப்பில் மார்க்கரால் எழுதி ராக்கர் கவர் மேலேயே ஒட்டினார், நான் ஃபோட்டோ எடுத்தேன். மேசையில் கிடந்த ஒரு வெண்கலக் கைடை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதுதான் உனக்குப் போடப்போறது" என்றார். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். "இன்னிக்குப் பார்த்ததுக்கு காசு வேண்டாம், இந்த என்ஜின்னா எனக்கு உயிரு" என்றார். இப்படிப் பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? மொத்தம் 4,850 டாலர், பாதி முன்பணம், மீதி ரொக்கமாகத் தந்தால் வரி பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மே மாதம் முடியும் என்றார். மெஷினிஸ்ட் லீவு, பார்ட் வரவில்லை என்று இழுத்தடித்து ஜூலையில் கொடுத்தார். மேலே பார்க்கப் பளபளவென்று இருந்தது, ராக்கர் கவரில் புது கேஸ்கெட், துடைத்துவைத்த இன்டேக். இன்வாய்ஸில் "பதினாறு வெண்கலக் கைடு, வால்வு ஜாப்" என்று அச்சடித்திருந்தது. பழைய கைடு எங்கே என்று கேட்டேன். "ஸ்கிராப்பில் போய்விட்டது, யாரு அதை வச்சிருப்பா" என்று சிரித்தார். நானும் உட்வர்டுக்கு ஓட்டிப் போனேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை நினைத்தால் இப்போது இன்னும் எரிகிறது.

ஆகஸ்ட் கடைசியில் காலை ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று சத்தம், பின்னால் லேசாக நீலப் புகை. பக்கத்து ஊரான நோவாயில் நம் பையன் ஒருவன் இருக்கிறான், சப்ளையர் கம்பெனியில் அளவு எடுப்பதே அவன் வேலை. டயல் கேஜோடு என் கராஜுக்கு வந்தான். அதே ஐந்தாம் சிலிண்டர், அதே வால்வு. முள்ளைப் பார்த்துவிட்டு ஃபோட்டோவைக் கேட்டான். "அண்ணா, ஆறரைன்னு எழுதியிருக்கு. இப்ப ஏழு காட்டுது. மாத்தியிருந்தா குறையணுமே, எப்படிண்ணா கூடும்?"

அதன்பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் ஃபோனில் "எல்எஸ்7ன்னா சத்தம் வரத்தான் செய்யும், புதுசா ஓட்டறவங்க பயப்படுவாங்க" என்றார். நான் புதுசாம்! அடுத்த தடவை "உன் கேஜ் சரியில்லை" என்றார். நேரில் போனால் "ஹெட் வேலையை நாங்க வெளியில கொடுத்தோம், மெஷின் ஷாப்பைக் கேளு". எந்த ஷாப் என்று கேட்டால் அது தொழில் ரகசியமாம். என் காரின் ஹெட் எங்கே போனது என்பது ரகசியம், 4,850 டாலர் மட்டும் ரகசியமில்லை. அப்புறம் "நீ ஜிஞ்சர்மேன் ட்ராக்கில் ஓட்டியிருப்ப, ரேஸ் ஓட்டினா வாரண்டி கிடையாது" என்று புதுக் கதை. அந்த ட்ராக் பக்கமே இந்த வருடம் போகவில்லை. இப்போது ஃபோனை ஒரு பெண் எடுத்து "சொல்லி வைக்கிறேன்" என்கிறார். மெசேஜ் படித்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை.

சரி என்று வேறொரு சின்ன மெஷின் ஷாப்பில், ரிட்டயர் ஆகும் வயதுப் பெரியவர் ஒருவரிடம் காரை விட்டேன். நேற்று கூப்பிட்டு வரச்சொன்னார். முதலில், கழற்றுவதற்கு முன் எடுத்த ஃபோட்டோவில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) போல்ட்டைக் காட்டினார். முந்தைய ஓனர் குளிர்காலத்தில் ஓட்டியபோது பிடித்த துரு, போல்ட் தலையும் மேனிஃபோல்டும் ஒன்றாக ஒட்டிப்போய், ஸ்பேனர் பட்ட கீறல்கூட இல்லை. "இதைத் தொடாம ஹெட்டை எப்படிப்பா வேலை செஞ்சிருப்பாங்க?" என்றார். அப்புறம் இறக்கிவைத்த ஹெட்டில் டார்ச் அடித்தார். கைடு மஞ்சளாகத் தெரியவேண்டிய இடத்தில் கம்பெனியின் சாம்பல் நிறக் கைடு, பதினாறும். சீட்டில் புதிதாக வெட்டினால் தெரியும் பளிச்சென்ற வளையம் இல்லை, பழைய கரிதான். அதாவது ராக்கர் கவரைத் திறந்து மூடியதற்கு 4,850 டாலர். நான் நம்பி வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தேன், ஹைவேயில் வால்வு முறிந்திருந்தால்?

பெரியவரின் கூலி தனி. அதை இங்கே எழுத மனசு வரவில்லை, வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை.

சரி, விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது தெம்பில்லை. ஹெட் வேலை என்றால் வெளியே எடுத்து மேசையில் வைத்த நிலையில் நீங்களே போய்ப் பாருங்கள், ஒவ்வொரு வால்வுக்கும் அளந்த எண் எழுதிய தாளைக் கேளுங்கள். பழைய பாகம் வேண்டும் என்று வேலை தொடங்கும்போதே எழுத்தில் கொடுங்கள், மிச்சிகன் சட்டப்படி கேட்டால் திருப்பித் தரவேண்டும். ரொக்கம் என்று ஆரம்பித்தாலே எழுந்து வந்துவிடுங்கள், கார்டில் கொடுங்கள். ஷாப் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் என்ற மாநில அரசு அலுவலகத்தில் பதிந்ததா, மெக்கானிக் அங்கே உரிமம் வாங்கியவரா என்று பாருங்கள், புகாரும் அங்கேதான். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டில் 7,000 டாலர் வரை போகலாம், வக்கீல் வைக்கமுடியாது, அந்த ஆளும் வைக்கமுடியாது என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

முன்பணத்துக்குச் செக் நகல் இருக்கிறது, மீதி ரொக்கத்துக்கு இன்வாய்ஸில் "முழுத்தொகை பெறப்பட்டது" என்ற சீல் இருக்கிறது. இதே பக்கத்தில் இதே மாதிரி ஹெட் வேலை கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் உடனே வேறொரு மெஷினிஸ்டிடம் காட்டிச் சோதித்துப் பாருங்கள், கைடு சாம்பல் நிறமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.