பைக் டயரின் காற்றழுத்தத்தைக் காட்ட வால்வு மூடி சென்சாரா, டயருக்குள் மாட்டும் உள் சென்சாரா?

டியூப் போட்ட கம்பிச் சக்கரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வெளி சென்சார்தான் வழி. டியூப்லெஸ் வண்டிக்குத்தான் இந்தக் கேள்வி.

வெளி சென்சாரை இரண்டு நிமிடத்தில் மாட்டலாம், பட்டன் பேட்டரியை நாமே மாற்றலாம். ஆனால் அது வால்வு ஊசியை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தால் காற்று அந்த வழியாகவே கசியும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள். ரப்பர் வால்வில் மாட்டவே மாட்டாதீர்கள். வேகத்தில் சென்சாரின் எடை வெளிப்பக்கம் இழுத்து, வால்வின் அடிப்பகுதி விரிசல் விடும். உலோக வால்வு போட்டுக்கொள்ளுங்கள்.

உள் சென்சாரை யாரும் கழற்றிப் போக முடியாது. ஆனால் மாட்ட டயரைக் கழற்ற வேண்டும்; பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும். ஆகவே புது டயர் போடும் நாளில் மாட்டுவதே புத்திசாலித்தனம். பஞ்சர் திரவம் ஊற்றினால் சென்சாரின் துளை அடைபடலாம்.

துல்லியம்? ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் இரண்டிலும் சகஜம். குளிர்ந்த டயரில் நல்ல காற்றழுத்தக் கேஜோடு ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். பிஎம்டபிள்யூ பைக்குகளின் உள் சென்சார் 20 டிகிரி செல்சியஸுக்குச் சரிசெய்த அளவைக் காட்டும். ஓடிச் சூடான டயரில் பங்க் கேஜ் அதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.