அகார் வாங்குறவங்க உஷார்: 14,600 ரூபாய் போச்சு

வாழைத் திசு வளர்ப்பு லேப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். நெல்லையில் லேப் கெமிக்கல் விற்கிற ஒரு கடை. மீடியாவை, அதாவது கன்று வளர்கிற ஊட்டக் கரைசலை, இறுக வைக்கிற அகார் பவுடர், ஒரு கிலோ டின் இரண்டு, 14,600 ரூபாய்.

"அண்ணாச்சி, களக்காட்டுல ஏத்தன் வாழைக் கன்று போடுத லேப்புக்கெல்லாம் நம்ம சரக்குதான் போகுது" என்று சொல்லி, இறுகும் திறன் போட்ட சான்றிதழையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். டின்னில் இருந்த லாட் நம்பரும் அதில் இருந்ததும் ஒன்றுதான். யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாயிற்று.

மீடியாவுக்கு எம்எஸ் உப்பு என்கிற ஊட்ட உப்புக் கலவை, லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், அகார் 8 கிராம், பிஎச் 5.8, நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிஷம். வழக்கமான கணக்குதான். நல்ல அகார் 40 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே இறுக ஆரம்பிக்கும். இது ராத்திரி முழுக்க ஆறியும் ஜாடியைச் சாய்த்தால் வடிகஞ்சி மாதிரி ஓடுகிறது. கொஞ்சம் இறுகினதாகத் தெரிந்த ஜாடிகளில் வைத்த குருத்தும் முங்கிக் கறுத்துவிட்டது. மிஞ்சினதில் இலையெல்லாம் நீர் கோத்து ஊதி நிற்கிறது.

கேட்டதற்கு முதல் பதில், "பிஎச் இறங்கியிருக்கும்." பிஎச் 5-க்குக் கீழே போனால் அகார் சரியாக இறுகாது, உண்மைதான். அதனால் உப்பு, சர்க்கரை எதுவும் இல்லாமல் 100 மில்லி வாலைவடிநீரில் 0.8 கிராம் மட்டும் போட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்தோம். அதுவும் இறுகவில்லை. ஆறின பிறகு டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டதும் கருநீலம்! அகாருக்கு அந்த நிறம் வராது. ஸ்டார்ச் கலந்திருக்கிறார்கள். பலசரக்குக் கடை சைனாகிராஸ்கூட இதைவிட நன்றாக இறுகும்.

போட்டோ அனுப்பினால், "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்." அப்புறம், "ஓனர் ஊர்ல இல்ல." கடைசியில், "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது அண்ணாச்சி." சீல் உடைக்காமல் எப்படிய்யா காய்ச்சிப் பார்ப்பது? உடைக்காத இன்னொரு டின்னையும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். 14,600 ரூபாய்! அது அகார் காசு மட்டும். கொட்டின எம்எஸ் உப்பு, பிஏபி ஹார்மோன், கரண்டு, செத்த குருத்து எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. முதலில் 100 கிராம் மட்டும் வாங்குங்கள். டின் திறக்கும்போதே வீடியோ எடுங்கள். இறுகவில்லை என்று அகாரை 12 கிராமுக்கு ஏற்றாதீர்கள், ஸ்டார்ச்சும் சேர்ந்துதான் ஏறும்; மீடியா கலங்கிப்போய் பாக்டீரியா வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பில்லை பத்திரமாக வையுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் யாராவது சமீபத்தில் அகார் வாங்கியிருந்தால், மீடியா ஊற்றுவதற்கு முன்னால் இன்றைக்கே கொஞ்சம் அகாரைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள்.