பாட்டு டீச்சருக்குத் தம்புராப் பெட்டி: பளேபேட்டைக்குக் கிளம்புமுன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தினமும் நாலைந்து மணி நேரம் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவருக்கு, சுமார் 4,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும் எலெக்ட்ரானிக் தம்புராப் பெட்டி கொடுத்த காசுக்கு வஞ்சனை செய்யாது. பயணத்துக்குக் கைபேசிச் செயலி போதும். மரத் தம்புராவுக்கு இரண்டுமே ஈடில்லை. ஆனால் ஏன் ஈடில்லை என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் வேறு, வகுப்பில் பிள்ளைகளைப் பாதிக்கும் காரணம் வேறு.

இந்தப் பெட்டி பிறந்ததே பளேபேட்டை இருக்கும் இந்தப் பெங்களூரில்தான். முதல் எலெக்ட்ரானிக் தம்புராவை 1979இல் செய்தவர் பெங்களூருப் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண். ராடெல் நிறுவனம் அவர் தொடங்கியது. அதற்கு முன்னால் துருத்திச் சுருதிப்பெட்டிதான். யாராவது ஒரு பிள்ளை அதை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். இன்று பளேபேட்டை வாத்தியக் கடைகளில் பல கம்பெனிப் பெட்டிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. இங்கே பேசப்போவது ஒரு மாடலைப் பற்றியல்ல. நான்கு தந்தி ஓசை, கட்டை மாற்றும் குமிழ், நுண்சுருதிக் குமிழ், வேகம், ஒலியளவு, ஹெட்போன் துளை கொண்ட அந்த வகைப் பெட்டியையே மதிப்பிடுகிறோம்.

முதலில் கட்டை, அதாவது பாடுபவரின் ஷட்ஜம் எங்கே நிற்கிறது என்பதன் அளவு. 1 கட்டை என்பது C, 2 என்பது D, 3 என்பது E, 4 என்பது F, 5 என்பது G, 6 என்பது A. அரைக் கட்டைகள் கீபோர்டில் நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள். E-க்கும் F-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. அதைக் கேட்டு வாங்க வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது கடைக்காரர்களின் நிரந்தர வேடிக்கை. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் 6 கட்டைக்குள்ளும் பாடுவார்கள். மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை தொண்டை நெரியாமல் போய்வர முடிகிற இடம்தான் ஒருவருடைய சுருதி. குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு இது சில மாதங்களிலேயே இறங்கும், அவ்வப்போது சோதித்துப் பார்த்து மாற்ற வேண்டும். போன வருஷம் பாடிய கட்டையிலேயே அவனைப் பிடித்து வைத்தால் தார ஸ்தாயியில் கத்தத்தான் செய்வான்.

1 கட்டையில் பாடும் ஆண் ஆசிரியரிடம் ஐந்தரைக் கட்டைப் பெண் பிள்ளை கற்றுக்கொள்வது சகஜம். ஒரே வகுப்பில் இருவருக்கும் மாறி மாறிச் சுருதி வைக்க வேண்டியிருக்கும். ஆகவே ஆசிரியர் வாங்கும் பெட்டியில் இரண்டு மூன்று சுருதிகளை நினைவில் வைத்து ஒரே அழுத்தில் மாற்றும் வசதி இருப்பது நல்லது. அது இல்லாத பெட்டியில் மணிக்கு ஐந்து முறை குமிழ் திருக வேண்டியிருக்கும், திருகும்போதெல்லாம் நுண்சுருதி கொஞ்சம் நகரும். முதல் தந்தியைப் பஞ்சமத்திலிருந்து மத்தியமத்துக்கு மாற்றும் பொத்தானும் வேண்டும். புன்னாகவராளி, நாதநாமக்ரியை, குறிஞ்சி, செஞ்சுருட்டி போன்றவற்றை மத்தியம சுருதியில் பாடுவது வழக்கம். ஐந்து, ஆறு தந்தி ஓசை உள்ள பெட்டியில் மற்ற தந்திகளுக்கு நிஷாதமோ காந்தாரமோ வைக்கலாம். கர்நாடக சங்கீத வகுப்புக்கு அது அலங்காரம்தான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இனிக் கடையில் செய்ய வேண்டிய சோதனை. பளேபேட்டைத் தெருச் சத்தத்தில் பெட்டியின் ஒலிபெருக்கியைக் கேட்டு எதையும் தீர்மானிக்க முடியாது. நல்ல ஹெட்போனைக் கையோடு கொண்டுபோங்கள். பெட்டியை 5 கட்டையில் வைத்து, வேகத்தைக் குறைத்து, மந்தரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் கவனியுங்கள். 5 கட்டையில் மந்தர ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ். சுத்தமான பஞ்சமம் அதைவிட ஒன்றரை மடங்கு, அதாவது 147. கீபோர்டு முறைப் பஞ்சமம் 146.83. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் மேலோசைகளாகக் கூடவே ஒலிக்கும்; ஷட்ஜத்தின் மூன்றாம் மேலோசையும் பஞ்சமத்தின் இரண்டாம் மேலோசையும் 294 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று உரசும். பஞ்சமம் கீபோர்டு முறையில் இருந்தால் ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒலி பெருகித் தணியும். அலை இல்லாமல் நேராக நின்றால் பஞ்சமம் சுத்தம். சில பெட்டிகளில் பஞ்சமத்துக்கென்று தனி நுண்குமிழ் இருக்கும். அதைத் திருகி அலையை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தப் பெட்டியையே எடுங்கள்.

அடுத்தது காந்தாரம். மரத் தம்புராவில் மந்தரத் தந்தியை மீட்டினால், குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நுழைத்த ஜீவா நூலின் தயவில் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மந்தர ஷட்ஜத்தின் ஐந்தாம் மேலோசை அது. 5 கட்டையில் 490 ஹெர்ட்ஸில் விழும். கீபோர்டில் அதே காந்தாரம் 494. கிட்டத்தட்ட 14 சென்ட் தூக்கல் (அரைக் கட்டை இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கீபோர்டு வைத்துச் சாதகம் செய்கிற பிள்ளை மோகனத்தில் காந்தாரத்தில் நிற்கும்போது கொஞ்சம் மேலே நிற்பதற்கு இது முக்கியக் காரணம். பெட்டியில் மந்தரத்தை மட்டும் சத்தமாக வைத்து அந்தக் காந்தாரம் மிதக்கிறதா என்று கேளுங்கள். வெறும் 'டொய்ங்' என்றால் உள்ளே இருப்பது ஏழை ஒலி, வேறு பெட்டியைக் கேளுங்கள்.

பழைய பெட்டியை மலிவாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய அனலாக் மாடல்களில் உள்ளே சூடேறச் சூடேறச் சுருதி நகரும். கடையில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வாங்கினால் வீட்டில் வர்ணம் முடிவதற்குள் கட்டை மாறியிருக்கும். குறைந்தது 20 நிமிடம் ஓடவிட்டு, ட்யூனர் செயலியில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டிஜிட்டல் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

அடாப்டரை யாரும் கவனிப்பதில்லை, தொல்லை அங்கிருந்துதான் அதிகம் வரும். தொலைந்துபோன அடாப்டருக்குப் பதில் கைக்கு வந்ததைச் செருகினால், வோல்ட் கூடிப் பெட்டி போய்விடலாம். முனையின் பிளஸ்-மைனஸ் மாறினாலும் அதே கதி. போகாவிட்டாலும் மட்டமான அடாப்டர் 100 ஹெர்ட்ஸில் இரையும். 5 கட்டையின் மந்தர ஷட்ஜம் 98 என்பதை மறக்க வேண்டாம். இரைச்சலும் ஷட்ஜமும் மோதி விநாடிக்கு இரண்டு அடிப்புகள், அதாவது ஒலி பெருகித் தணியும் அலைகள், விழும். பெட்டியைக் குறை சொல்லிவிட்டுப் பலர் புதுப் பெட்டி வாங்குகிறார்கள். பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், அடிப்பு நின்றால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். பெஸ்காம் மின்சாரம் போகிற நாட்களுக்கும் பேட்டரி வசதி தேவைதான்.

வேகக் குமிழைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சரளி வரிசை பாடும் பிள்ளை, மீட்டு வேகத்தைத் தாளமாக எடுத்துக்கொண்டுவிடும். ப-ஸா-ஸா-ஸ என்ற நான்கு மீட்டுக்கு நான்கு ஸ்வரம் என்று மனசில் கட்டிக்கொண்டால், இரண்டாம் காலத்துக்குப் போகும்போது தடுமாறும். வேகத்தை மெதுவாக வையுங்கள், கையால் போடும் தாளத்தோடு ஒருபோதும் ஒத்துப்போகாதபடி வையுங்கள்.

பெட்டியை ஆசிரியர் பக்கத்தில் வைத்தால் ஆசிரியர் மட்டும் சுருதியோடு பாடுவார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தால் நடுவில் வைக்கலாம், வரிசையாக உட்கார்ந்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மூன்று நான்கு அடி தள்ளி, ஜமுக்காளத்தின் மேல். சிமென்ட் தரையில் சுவர் மூலையில் வைத்தால் மந்தரம் வீங்கும். ஒலியளவு விஷயத்தில் தாராளம் கூடாது. சத்தம் அதிகமானால் பாடுபவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். லாம்பார்ட் விளைவு என்று இதற்குப் பெயர் உண்டு. காலை ஆறிலிருந்து வரிசையாக நாலு பேட்ச் எடுக்கும் ஆசிரியருக்குச் சாயங்காலம் தொண்டை கட்டிக்கொள்வதற்குப் பல சமயம் காரணம் பனிக்காற்று இல்லை, இந்தக் குமிழ்தான். மெதுவாக 'ம்' என்று முனகினால் அந்த முனகல் பெட்டிக்கு மேலே கேட்க வேண்டும், அதுதான் அளவு.

ஆன்லைன் வகுப்பில் பெட்டி படும் பாடு தனி. ஸூமின் இரைச்சல் நீக்கி, இடைவிடாத ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். பிள்ளையின் குரலும் கூடவே அரைகுறையாக வெட்டுப்படும். ஒலி அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை இரு முனையிலும் இயக்கி, ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். தாமதம் இருப்பதால் சேர்ந்து பாட முடியாது. பாடுகிறவர் பக்கத்துச் சுருதி மட்டுமே ஒலிக்கட்டும். டீச்சர் பாடிக் காட்டும்போது பிள்ளை தன் பெட்டியை நிறுத்த வேண்டும், பிள்ளை பாடும்போது டீச்சர் நிறுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால், நுண்சுருதி கொஞ்சம் மாறியிருந்தாலே அடிப்பு வரும்.

செயலிகளில் சிலவற்றின் ஓசை விலையுயர்ந்த பெட்டியை மிஞ்சும். நல்ல தம்புராவின் பதிவிலிருந்து எடுப்பதால் வரும் பலன் அது. ஆனால் ஒரே கட்டையில் பதிந்ததை மற்ற கட்டைகளுக்கு இழுத்துவிடும் செயலிகளில் பதிந்த கட்டையிலிருந்து தள்ளிப் போகப்போக ஓசை தகரமாகும். போதாக்குறைக்குக் கைபேசி ஒலிபெருக்கி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெலிந்துபோகும். 1 கட்டை மந்தர ஷட்ஜமோ 65 ஹெர்ட்ஸ். வெளியே ஒரு ஸ்பீக்கர் வைத்தால்தான் செயலி தம்புரா ஆகும். நடுவில் அழைப்பு வராமல் ஃபிளைட் மோடில் போட மறக்காதீர்கள்.

மேடைக்குப் போகிறவர்கள் பெட்டியில் லைன் அவுட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாமராஜபேட்டையில் கோட்டை உயர்நிலைப் பள்ளி வளாகத்து ராமநவமி பந்தல் போன்ற திறந்தவெளியில் மைக்கில் பிடித்த தம்புரா போதவே போதாது. மானிட்டரில் கொஞ்சம் பெட்டி கேட்டால்தான் பாடகர் நிம்மதியாக நிரவலுக்குப் போக முடியும். கடமும் மோர்சிங்கும் சுலபத்தில் சுருதி மாறாதவை, ஆகவே ஐந்து பத்து சென்ட் நகர வேண்டியது பெட்டிதான். விளக்குச் சூட்டில் தம்புராத் தந்தி நீண்டு சுருதி இறங்கும், பெட்டி இறங்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தனி ஆவர்த்தனத்தின்போது ஒருமுறை தம்புராவின் மணிக்காயை (தந்தியில் கோத்த நுண்சுருதி மணி) தொட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இனி முதலில் சொன்ன குறை. நல்ல பெட்டி ஒருபோதும் தப்பாகச் சேராது. ஆகவே ஜூனியர், சீனியர், வித்வத் வரை இசைத் தேர்வு எழுதிய பிள்ளைக்கும் தம்புராவின் பிருடையை (தந்தியை முறுக்கும் ஆணி) திருகிச் சுருதி சேர்க்கத் தெரியாமல் போய்விடுகிறது. சுருதி சேர்ந்திருக்கிறது என்று தெரிவது வேறு, சேராதபோது எந்தப் பக்கம் சேரவில்லை என்று தெரிவது வேறு. இரண்டாவது தெரியாதவர் நாளைக்கு வகுப்பு எடுக்கும்போது, பிள்ளை கொஞ்சம் கீழே பாடுவதைத் திருத்த மாட்டார். 'சுருதி கவனி' என்று மட்டும் சொல்வார்.

இதற்குப் பெட்டியையே பயன்படுத்தலாம். கைபேசிச் செயலியை 5 கட்டையில் ஓடவிட்டு, பெட்டியையும் 5 கட்டையில் வைத்து, நுண்சுருதியை 20 சென்ட் கீழே இறக்கி, எண் காட்டும் திரையைக் கைக்குட்டையால் மூடுங்கள். நடு ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு இரண்டுக்குச் சற்று மேல் அடிப்பு கேட்கும். பிள்ளை குமிழைத் திருக, 10 சென்ட் தூரத்தில் அது விநாடிக்கு ஒன்று ஆகும், 5 சென்ட்டில் இரண்டு விநாடிக்கு ஒன்று. அடிப்பு முற்றிலும் அடங்கும்போது கையை எடுக்கச் சொல்லுங்கள். சில நாள் மேலே தள்ளி, சில நாள் கீழே தள்ளி வையுங்கள், எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இது பழகிய பிறகு வாரத்துக்கு ஒருமுறை மரத் தம்புராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்ற நான்கு தந்திகளையும் வரிசையாகச் சேர்க்க விடலாம். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. ஜீவா நூல் சரியாக உட்கார்ந்த ஒரு தம்புரா வகுப்புக்கு ஒன்று இருந்தால் போதும்.

வாங்கும்போது பில்லில் மாடல் எண்ணையும் அடாப்டரின் வோல்ட் அளவையும் முனை எந்தப் பக்கம் பிளஸ் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதையே ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். கோடை விடுமுறைக்கு வகுப்பை மூடும்போது உள்ளே பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கசிந்தால் முனைகள் பச்சைப் பிடித்துவிடும்.