தேனீப் பெட்டிக்கு இடம் பார்த்து வைத்துத் தரும் சேவை: கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு மதிப்புரை

சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள எங்கள் வீட்டுப் புழக்கடையில் கடந்த தை மாதம் முதல் ஒரு தேனீப் பெட்டி இருக்கிறது. பெட்டியையும் தேனீக் குடும்பத்தையும் கொடுப்பதோடு, அதை எங்கே வைக்க வேண்டும் என்று நேரில் வந்து பார்த்து, வைத்தும் தருகிற ஒருவரிடம் இதை வாங்கினோம். சேர்வராயன் மலை அடிவாரத்தில் பல ஆண்டுகளாகத் தேனீ வளர்க்கும் அவர், பெட்டிக்கும் குடும்பத்துக்கும் உரிய விலையைத் தவிர, இடம் பார்ப்பதற்கு என்று தனியாக 500 ரூபாய் வாங்குகிறார். அது எதற்கு என்று எங்கள் தெருவில் பலரும் கேட்டுவிட்டார்கள். நான் கொடுத்த பணத்தில் முழுப் பலன் தந்தது அந்தத் தொகைதான் என்பதால், அதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேறொருவரிடம் ஒரு பெட்டி வாங்கியிருந்தேன். எங்கே வைக்கலாம் என்று கேட்டதற்கு, "எங்க வேணும்னாலும் வைக்கலாங்க" என்று சொல்லி அவர் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, சில்வர் ஓக் மரங்களின் நிழல் விழாத வெட்டவெளியில் பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பதைப் பார்த்திருந்த நான், வெயில் படும் இடமே நல்லது என்று எண்ணி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியும் ஈரமும் உள்ள ஏற்காட்டில் வெயில் ஒரு வரம். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே உள்ள சேலத்துக்கு அதே கணக்கைக் கொண்டுவந்தது என் தவறு. தேனீக்கள் தங்கள் புழு அறையை ஏறக்குறைய 34, 35 டிகிரி வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும். வெளியே 40 டிகிரியைத் தொடும் சித்திரையில், தண்ணீர் கொண்டுவந்து தெளித்தும் இறகால் விசிறியும் பார்த்து, முடியாதபோது இந்தியத் தேனீ கூட்டையே விட்டுப் போய்விடும். ஒரு நாள் காலை நான் மூடியைத் திறந்தபோது ஏழு மரச் சட்டங்களிலும் காய்ந்த தேனடைகளும் தரையில் சில செத்த தேனீக்களும் மட்டுமே இருந்தன. அம்மா அன்று முழுவதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, இடம் பார்க்கத் தெரிந்தவரைத் தேடித்தான் இவரிடம் வந்தேன். காலை ஏழு மணிக்கு வந்தவர் புழக்கடைக்குப் போகவில்லை. நேராக மாடிக்கு ஏறிச் சுற்றிலும் உள்ள மரங்களைப் பார்த்தார். இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இரை தேடும் என்பதால், அந்த வட்டத்துக்குள் தென்னை, முருங்கை, வேம்பு, புங்கம், புளி எவ்வளவு இருக்கின்றன, மூக்கனேரிப் பக்கம் என்ன செடிகள் உள்ளன என்று விசாரித்தார். அதன்பின் கீழே வந்து கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன்: "குளிக்கிற தண்ணி எங்க போகுது தம்பி? ராத்திரி எந்த பல்பு எரியும்? அம்மா துணியை எங்க காயப்போடுவாங்க? பக்கத்து வீட்டுப் பசங்க எங்க வெளையாடுவாங்க?" தேனீயைப் பற்றிப் பேச வந்தவர் எங்கள் குடும்பத்தின் ஒரு நாளையே கேட்டு முடித்தார்.

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது; புழக்கடை கிழக்கே இருக்கிறது. அங்கே மூன்று இடங்களை நான் மனத்தில் வைத்திருந்தேன். மூன்றிலும் ஒரு மூங்கில் குச்சியை நட்டுவிட்டு, அஸ்தம்பட்டியில் வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பியவர், நண்பகலில் ஒரு முறையும் மூன்று மணிக்கு ஒரு முறையும் திரும்பி வந்து, குச்சிகளின் மேல் வெயில் எப்படி விழுகிறது என்று பார்த்தார். மாமரத்தடியை முதலில் தள்ளினார். அங்கே காலை வெயிலே படுவதில்லை, போதாக்குறைக்கு மேல்கிளையில் முசுறு எறும்பு இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருந்தது. நான் தினமும் அந்த மரத்தடியில் நடந்தும் அந்தக் கூட்டைக் கவனித்ததில்லை. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உள்ள தெற்குச் சுவரோரம் எப்போதும் சோப்புத் தண்ணீர் தேங்கும் என்பதால் அதுவும் வேண்டாம் என்றார். மீதி இருந்தது வடக்கு மூலையில் உள்ள வேப்பமரம். காலை வெயில் அதன் கிளைகளுக்குக் கீழே சாய்ந்து வந்து படுகிறது. உச்சி நேரத்தில் மரம் மறைக்கிறது. மூன்று மணிக்கு மேல் எங்கள் வீட்டின் நிழலே அங்கு வந்துவிடுகிறது. காலையில் சீக்கிரம் வெயில் பட்டால் தேனீக்கள் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும், பிற்பகல் வெயில் படாவிட்டால் தண்ணீர் சுமக்கும் வேலை குறையும் என்று அவர் சொன்னதை அந்த மூன்று குச்சிகளும் கண்ணுக்கு முன் காட்டிவிட்டன.

வாசல் தென்கிழக்கைப் பார்த்தும் முதுகு வீட்டைப் பார்த்தும் இருக்கும்படி பெட்டியை வைத்தார். வாசலுக்கு நான்கு அடி தள்ளி எங்கள் அவரைப் பந்தல் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. வெளியே வரும் தேனீக்கள் அதைத் தாண்ட வேண்டியிருப்பதால் உடனே மேலே ஏறிவிடுகின்றன. பந்தலுக்கு அந்தப் பக்கம் நடப்பவர்களின் முகத்தில் மோதுவதில்லை. பந்தல் இல்லாதவர்களுக்குப் பச்சை வலை கட்டினாலும் போதும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவரே போய் இதை விளக்கி, அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் முன்பணம் வாங்கினார். துணிக்கொடியை மாடிக்கு மாற்றச் சொன்னது முதலில் புரியவில்லை. தேனீக்கள் பறந்துகொண்டே எச்சமிடும் என்றும், வெள்ளைத் துணியில் அது மஞ்சள் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும் என்றும் பின்னர் ஒரு வேட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெட்டி வாசலுக்கு நேராக எரிந்த விளக்கைக் கதவின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். இரவில் வெளிச்சத்தைப் பார்த்து வெளியே வரும் தேனீக்கள் திரும்பாமல் செத்துப்போகும். கூழாங்கற்கள் போட்ட மண்சட்டியில் தண்ணீரையும், குடும்பம் வருவதற்கு மூன்று நாள் முன்பே வைக்கச் சொன்னார். ஒரு முறை பக்கத்து வீட்டுத் தொட்டியில் குடித்துப் பழகிவிட்டால் பிறகு அங்கிருந்து திருப்புவது கடினமாம்.

இவ்வளவும் ஏன் முன்னதாகவே நடக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. தேனீக்கள் பெட்டி இருக்கும் இடத்தைத்தான் மனத்தில் பதித்துக்கொள்கின்றன. பின்னர் பத்து அடி தள்ளி வைத்தால்கூட, வெளியே போனவை பழைய இடத்துக்கே திரும்பிவந்து வெறும் தரையைச் சுற்றிக்கொண்டிருக்கும். வாசலை வலையால் அடைத்து இரவில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவர், மறுநாள் காலை திறக்கும்போது எங்களை அருகில் நின்று பார்க்கச் சொன்னார். வெளியே வந்த ஒவ்வொரு தேனீயும் உடனே பறந்து போகாமல், பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி, இடமும் வலமுமாக ஆடி, சிறிது சிறிதாகப் பின்வாங்கி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. தான் திரும்பி வரவேண்டிய வீட்டை அது பார்த்து வைத்துக்கொள்கிறது என்று புரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

பெட்டி, நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் நியூட்டன் வகை. 1910களில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கு ஏற்ற அளவில் வடிவமைத்தது. மரவேலை குறை சொல்லும்படி இல்லை. மழைத் தண்ணீர் உள்ளே தேங்காமல் இருக்க முன்பக்கம் சற்றே சாய்வாக வைத்திருக்கிறார். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் சாரல் கிழக்கிலிருந்தே வரும் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மேல்மூடியின் இறக்கம் போதாமல் ஐப்பசியில் வாசல் பலகை நனைந்தது. ஒரு தகரத் துண்டை நானே பொருத்தினேன்.

அதைவிடப் பெரிய குறை, எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டித் தாங்கியின் கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் கிண்ணங்கள். மிகவும் ஆழம் குறைந்தவை. பங்குனி வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் மாலைக்குள் வற்றிவிடுகிறது. ஒரு திருமணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது ஒரு காலின் வழியாக எறும்புச் சாரை ஏறிக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் பார்த்ததால் குடும்பம் தப்பியது. மாதம் ஒரு முறை வந்து பார்ப்பதாகச் சொன்னவர் இரண்டாம் முறை ஏழு வாரம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் ஓரச் சட்டம் ஒன்றில் மெழுகு அந்துப்பூச்சியின் நூலாம்படை படர்ந்திருந்ததால் அந்த அடையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வருத்தம் தெரிவித்து, மாற்றுச் சட்டத்தை இலவசமாகத்தான் கொடுத்தார். இருந்தாலும் புதிதாக வளர்ப்பவருக்கு முதல் இரண்டு மாதங்களில்தான் துணை தேவை. பூவில்லாத காலத்தில் சர்க்கரைப் பாகு எவ்வளவு, எப்போது வைப்பது என்பதையும் வாயால் சொன்னதோடு நிறுத்தாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

தேனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேம்பும் புங்கமும் பூத்து ஓய்ந்தபின் வைகாசியில் ஒன்றரைக் கிலோ எடுத்தோம், மீதியை அவற்றுக்கே விட்டுவிட்டோம். கோடை முழுவதும் குடும்பம் இடத்தை விட்டு அசையவில்லை என்பதே எனக்குப் பெரிது. பத்து மாதங்களில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

சேலம் நகரில், அதுவும் சிறிய புழக்கடை உள்ள வீட்டில் பெட்டி வைக்க நினைப்பவர்கள், பெட்டியை வேறு எங்கே வாங்கினாலும் இவரை அழைத்து ஒரு பகல் முழுக்க இடத்தைப் பார்க்கச் சொல்லலாம். பெட்டி இல்லாமல் இடம் மட்டும் பார்க்கவும் வருகிறார். அவரிடமே பெட்டி வாங்குபவர்கள் ஆழமான கிண்ணம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள், அடுத்து வரும் தேதியையும் அப்போதே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் புதிய கிண்ணங்களை மார்கழி முதல் வாரத்தில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை காலையில் காப்பிக்கு முன் நான்கு கிண்ணங்களிலும் தண்ணீர் ஊற்றுவது அம்மாவின் பொறுப்பு.